சோலார் ஹீட்டரில் வெந்நீர் வரவில்லையா? பேனலை மாற்றுவதற்கு முன் குழாயைப் பாருங்கள்

மதுரை வெயிலிலும் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை என்றால், பெரும்பாலும் சுற்றோட்டம் நின்றிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் செப்புப் பேனலையே (வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும், செப்புக் குழாய்கள் உள்ள கண்ணாடி மூடிய பெட்டி) மாற்றச் சொன்னார். கடைசியில் பார்த்தால் குழாயில் காற்று அடைத்திருந்தது.

பேனலில் சூடான தண்ணீர் லேசாகி மேல் குழாய் வழியே தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் கீழ்க் குழாய் வழியே பேனலுக்கு இறங்கும். மோட்டார் கிடையாது. தள்ளும் விசை மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் காற்று இருந்தாலே ஓட்டம் நின்றுவிடும்.

முதலில், நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில், வெந்நீர்க் குழாய் எதையும் திறக்காமல், மேல் குழாயைத் துணி வைத்துத் தொடுங்கள். பேனல் பக்கம் கொதித்து, தொட்டியில் சேரும் பக்கம் ஆறிக் கிடந்தால் சுற்றோட்டம் இல்லை. இரண்டு பக்கமும் வெதுவெதுப்பு என்றால் கண்ணாடித் தூசியையும் பக்கத்து மாடி நிழலையும் பாருங்கள்.

அடுத்து ஏர் வென்ட் குழாய், அதாவது வெந்நீர்த் தொட்டியிலிருந்து காற்று வெளியேற மேலே நிற்கும் குழாய். அது மாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும். அதில் வால்வோ மூடியோ கூடவே கூடாது. குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனிதான் முக்கியமான இடம். பேனலிலிருந்து தொட்டி வரை மேல் குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது தொய்ந்து மறுபடி ஏறினால், தொய்வுக்கு முன்னால் இருக்கும் மேட்டில் காற்று சேரும். கண்ணுக்கு நேராகத் தெரிவதை நம்ப வேண்டாம், ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்து ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பாருங்கள். மேலே சுற்றியிருக்கும் இன்சுலேஷனைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அது தொய்வை மறைத்துவிடும். எங்கள் வீட்டில் சிபிவிசி (வெந்நீருக்கான பிளாஸ்டிக்) குழாய்க்குக் கிளாம்ப் போதவில்லை, சூட்டில் இளகித் தொங்கிவிட்டது. புதுக் கிளாம்புகள் போட்டுத் தூக்கியதும் தீர்ந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துண்டுக்கு மட்டும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது செம்புக் குழாய்தான் சரி. சாதாரண பிவிசி வேண்டவே வேண்டாம்.

பிறகு காற்றை வெளியேற்றுங்கள். வெயில் ஏறும் முன் விடியற்காலையில் செய்யுங்கள், இல்லையென்றால் கை வெந்துவிடும். தொட்டி நிரம்பியபின், மேல் குழாயின் உயரமான பக்கத்தில் உள்ள யூனியனை (குழாயைக் கழற்றி மாட்டும் திருகு இணைப்பு) லேசாகத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று போய், தண்ணீர் விடாமல் வந்ததும் இறுக்குங்கள். இரண்டு பைப் ரெஞ்ச் அவசியம்: ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் பேனலின் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

சரி, அதற்கும் சரியாகவில்லையா? பேனலின் அடியில் உள்ள பிளக்கை (அடைப்பானை) திறந்து விடுங்கள். வெள்ளைச் செதில் வந்தால் போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்திருக்கிறது. சிட்ரிக் அமிலக் கரைசலைப் பேனலில் சில மணி நேரம் ஊற வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். கழிப்பறை ஆசிட் ஊற்றாதீர்கள், குழாயையே அரித்துவிடும்.

சேர்க்கை: பேனலுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்கள் உள்ள மாடல் வைத்திருப்பவர்கள், தங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். அதில் ஒவ்வொரு குழாய்க்குள்ளேயே தண்ணீர் சுற்றுவதால், மேலே சொன்ன தொய்வுப் பிரச்சினை வராது. அடி நுனியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாயை மாற்றுங்கள். காலியான குழாய் வெயிலில் காய்ந்திருக்கும்போது தண்ணீர் விட்டால் வெடித்துவிடும்.

இன்னொன்று, மேலே தொட்டி கொதிக்கிறது, ஆனால் குளியலறையில் மட்டும் ஆறி வருகிறது என்கிறார்கள். அது மிக்ஸர் (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து விடும் குழாய்) வேலை. இரண்டு திருகையும் திறந்து வைத்துவிட்டு ஹேண்ட் ஷவரை மட்டும் மூடினால், குளிர்ந்த தண்ணீர் மிக்ஸர் வழியே வெந்நீர்க் குழாயில் புகுந்துவிடும். குளிர்நீர் பக்கம் பிரஷர் பம்ப் இருந்தால் இது இன்னும் மோசம். மிக்ஸருக்குப் போகும் குளிர்நீர் ஆங்கிள் காக்கை (சுவரில் இருக்கும் அடைப்பு வால்வு) மூடிவிட்டு வெந்நீரைத் திறந்து பாருங்கள், சூடாக வந்தால் அதுதான் காரணம்.