மஞ்சள் சீடாரில் ஒரு துடுப்பு

அலாஸ்காவின் சிட்காவில் டிலிங்கிட் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் துடுப்பு செதுக்கக் கற்றேன். மஞ்சள் சீடார் மரப் பலகையை எடுங்கள். முடிச்சு தெரிந்தால் தள்ளிவையுங்கள். முதலில் நடுக்கோடு வரையுங்கள். வாய்ச்சியால் பருமனைக் குறைத்த பிறகே வளைகத்தி. மரத்தின் ரேகைக்கு எதிராக இழுத்தால் சில்லு பெயரும். என் முதல் துடுப்பு அப்படித்தான் நுனியில் பிளந்தது. அவர் சிரித்துவிட்டு வேறு பலகையை நீட்டினார்.

அந்தக் காலத்தில் தேய்க்க நாய்ச்சுறாத் தோல்; எனக்கு உப்புத்தாளே போதும்.

வண்ணத்தில் கறுப்புக்கே முதலிடம். அகன்றும் மெலிந்தும் போகும் கறுப்புக் கோடு, உருவம் முழுவதும் அறுபடாமல் ஓட வேண்டும். உள்விவரங்களுக்குச் சிவப்பு. காக்கை, கழுகு என்று மனம்போல வரையாதீர்கள். குலச்சின்னம் அந்தந்தக் குலத்தின் சொத்து. நான் வெறும் முட்டை வடிவங்களோடு நிறுத்திக்கொண்டேன்.