கிரீட் போனால் முதலில் மியூசியம், அப்புறம் க்னோசோஸ்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இறங்கியதும் நேராக க்னோசோஸ் அரண்மனைக்கு ஓடாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே, தீவின் தலைநகரான ஹெராக்லியோனில் இருக்கும் தொல்லியல் மியூசியத்தைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அரண்மனைச் சுவர்களில் நீங்கள் பார்க்கப்போகும் ஓவியங்கள் எல்லாம் நகல்கள், காளை மேல் பாய்கிற அந்தப் புகழ்பெற்ற ஓவியம் உட்பட அசல் துண்டுகள் இங்கேதான் இருக்கின்றன. முழு அரண்மனைக்கும் ஒரு மர மாதிரி வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி நின்று நடு முற்றம் எங்கே, சிம்மாசன அறை எங்கே என்று மனதில் வாங்கிக்கொண்டால் மறுநாள் கற்களுக்கு நடுவே திணற வேண்டாம்.

ஃபைஸ்டோஸ் என்ற இன்னொரு கிரீட் அரண்மனையில் 1908இல் கிடைத்த ஃபைஸ்டோஸ் வட்டும் இங்கேதான். களிமண், சுமார் 16 செ.மீ., ஒரு சின்ன ஊத்தப்பம் அளவுதான். இரண்டு பக்கமும் சுருள் சுருளாக அச்சுக் குத்திய குறிகள், இன்றுவரை யாரும் படித்துச் சொல்லவில்லை. நான் அதன் முன்னால் மட்டும் இருபது நிமிடம் நின்றேன்.

மறுநாள் காலை திறக்கும் நேரத்துக்கே க்னோசோஸ் போய்விடுங்கள். நகரிலிருந்து 5 கி.மீ.தான், டவுன் பஸ் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சிம்மாசன அறைக்குப் போங்கள், பிறகு வரிசை நீண்டுவிடும். மேலே பருத்துக் கீழே சிறுத்த அந்தச் சிவப்புத் தூண்கள், அரண்மனையைக் கட்டிய பழங்கால கிரீட் மக்களான மினோவர் காலத்தவை அல்ல, 1900இல் தோண்ட ஆரம்பித்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவான்ஸ் பின்னர் நிறுத்தியவை. எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். செருப்பு வேண்டாம், தேய்ந்த கல் வழுக்கும்.