கோவிட் ஊசியா கோவிட்டா, ஹார்ட்டுக்கு எது ரிஸ்க்? உங்க வீட்டு ஆளுக்கு நீங்களே கணக்கு போடுறது எப்படி

அக்கா போன் பண்ணுச்சு. "டேய், பெரியவனுக்கு 19 வயசு, என் மாமனாருக்கு 68, சுகர் வேற, ஸ்டென்ட் வேற வெச்சிருக்கு, ரெண்டு பேருக்கும் பூஸ்டர் போடலாமான்னு குடும்ப குரூப்ல கேட்டேன், ஒருத்தர் ஊசி போட்டா ஹார்ட் போயிடும்ங்கறாரு, இன்னொருத்தர் அதெல்லாம் கட்டுக்கதைங்கறாரு, நான் யார நம்புறது?" ரெண்டு பேரையும் விட்டுடுக்கா, நீ கேட்டது ஒரு கேள்வியே இல்ல, ரெண்டு கேள்வி, ரெண்டுக்கும் தனித்தனியா கணக்கு போடணும்னு சொல்லி ஒரு பேப்பர் எடுத்துட்டு உக்காந்தேன். அத எப்படி போட்டோம்னு இங்க எழுதுறேன்.

மொதல்ல எந்த ஊசின்னு பாருங்க. "கோவிட் ஊசி"ன்னு ஒரே பொருள் கிடையாது. மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசையில வர்ற அழற்சி, இது பைசர், மாடர்னா மாதிரி எம்ஆர்என்ஏ ஊசிகளோட (வைரஸோட ஒரு புரதத்த செய்யற குறிப்ப மட்டும் உடம்புக்குள்ள அனுப்புற வகை) சம்பந்தப்பட்டது, 2021 ஜூன்லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை போட்டுடுச்சு, யாரும் ஒளிச்சு வெக்கல. அஸ்ட்ராஜெனெகா ஊசியோட (நம்மூர்ல கோவிஷீல்டு) பெரிய பிரச்சன வேற, தட்டணுக்கள் குறைஞ்சு கூடவே ரத்தம் உறையுற ஒரு அரிய கோளாறு, அதனால 2021 மே மாசம் பிரிட்டன்ல 40 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு முடிஞ்சவரை வேற ஊசி குடுக்கச் சொன்னாங்க. ஒரு ஊசியோட ஆபத்த இன்னொன்னு மேல ஏத்தி சொல்ற பார்வேர்ட பாத்தா அங்கயே நிறுத்திடுங்க.

அடுத்தது ஆளு யாரு. எம்ஆர்என்ஏ ஊசிக்கு அப்புறம் வர்ற மயோகார்டைட்டிஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி வரல, பெரும்பாலும் டீன்ஏஜ்ல இருந்து இருபதுகள்ல இருக்கற ஆம்பளப் பசங்களுக்கு, அதுவும் ரெண்டாவது டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள்ள. அமெரிக்கால 16, 17 வயசு பசங்களுக்கு பைசர் ரெண்டாவது டோஸுக்கு அப்புறம் 10 லட்சம் டோஸுக்கு கிட்டத்தட்ட 106 பேருன்னு பதிவாச்சு. வயசானவங்களுக்கும் பெண்களுக்கும் இது ரொம்ப ரொம்ப கம்மி. அதனால "சராசரியா இவ்ளோ"ன்னு ஒரு எண்ண காட்டினா யாரோட சராசரின்னு கேளுங்க, அக்கா மகனும் அவன் தாத்தாவும் சேர்ந்த சராசரி ரெண்டு பேருக்கும் உதவாது.

இப்ப வர்றது தான் முக்கியமான இடம், முக்கால்வாசி பேரு வழுக்கி விழறதும் இங்க தான். எண்ணுக்கு கீழ என்ன இருக்குன்னு பாக்கணும். ஒருத்தன் லட்சத்துக்கு சொல்லுவான், ஒருத்தன் 10 லட்சத்துக்கு, இன்னொருத்தன் ஆயிரத்துக்கு. 2021ல இஸ்ரேல்ல செஞ்ச பெரிய ஆய்வுல பைசர் ஊசியால கூடுதலா வந்த மயோகார்டைட்டிஸ் லட்சம் பேருக்கு 2.7, தொற்றால கூடுதலா வந்தது லட்சத்துக்கு 11. இதே 2.7ஐ ஒருத்தர் "10 லட்சத்துக்கு 27"னு எழுதி, பக்கத்துலயே தொற்றுக்கு 11னு லட்சக் கணக்க வெச்சுட்டா ஊசி தான் வில்லன் மாதிரி தெரியும். எல்லாத்தையும் 10 லட்சத்துக்கு மாத்திட்டு அப்புறம் ஒப்பிடுங்க, 27க்கு எதிர்ல 110.

சரி, 27 சின்னது 110 பெருசு, முடிஞ்சுதான்னா முடியல. ஊசி போட்டா அந்த ரிஸ்க் கண்டிப்பா எடுத்தாச்சு, தொற்று மட்டும் வந்தா தானே 110? அதனால தொற்று வர்றதுக்கான வாய்ப்பால பெருக்கணும். வாய்ப்பு நாலுல ஒண்ணுன்னா 110ல கால்வாசி 27.5, ரெண்டும் சமமாயிடுது பாருங்க. அதோட ஊசி தொற்ற முழுசா தடுக்காது, கொஞ்சம் குறைக்கும், அவ்ளோ தான். அதனால பேப்பர்ல இப்படி போட்டேன்: ஊசி போடாட்டி 100 பேர்ல 60 பேருக்கு தொற்று வரும், போட்டா 30 பேருக்கு (இந்த ரெண்டும் சும்மா உதாரணத்துக்கு நான் வெச்ச எண், உங்க நிலமைக்கு மாத்திக்கோங்க). மிச்சமானது 30 சதவீதம், 110ல 30 சதவீதம்னா 33, ஊசியோட 27ஐ விட கொஞ்சம் தான் மேல. "இவ்ளோ தானா வித்தியாசம்"னு அக்காவுக்கு சப்புனு போச்சு. இதுல ஒண்ணு விட்டுப்போச்சு, ஊசி போட்டுட்டு தொற்று வந்தா அந்த தொற்றோட மயோகார்டைட்டிஸ் ரிஸ்க்கும் குறையுது, இங்கிலாந்து ஆய்வுல ஊசிக்கு முன்னாடி வந்த தொற்று 11 மடங்கு கூட்டுச்சு, ஊசிக்கு அப்புறம் வந்தது 6 மடங்கு.

ஆனா ஹார்ட்னா மயோகார்டைட்டிஸ் மட்டுமா? அதே இஸ்ரேல் ஆய்வுல தொற்றால கூடினது இன்னும் நிறைய, லட்சம் பேருக்கு இதயத் துடிப்புக் கோளாறு 166, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு 62, ஹார்ட் அட்டாக் 25. ஊசி போட்டவங்ககிட்ட இதெல்லாம் கூடல. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள வெச்சு 2022ல வந்த ஆய்வுல, தொற்று வந்து ஒரு வருஷத்துல ஆயிரம் பேருக்கு 45 பேர் கூடுதலா ஏதோ ஒரு இதய, ரத்தக்குழாய் பிரச்சனைல மாட்டினாங்க. ஆயிரத்துக்குன்னு சொல்றேன், கீழ இருக்கற எண்ண கவனிங்க, லட்சத்துக்கு மாத்தினா 4,500. அவங்க பெரும்பாலும் வயசான ஆண்கள், அக்கா மாமனார் மாதிரி. அவரு கணக்கு அந்த வரியோட முடிஞ்சுது, பேப்பர திருப்பிட்டேன்.

19 வயசுக்காரன் கணக்கு அவ்ளோ சுலபம் இல்ல. அதே இங்கிலாந்து ஆய்வு 2022ல தந்த எண்: 40 வயசுக்கு கீழ இருக்கற ஆண்களுக்கு மாடர்னா ரெண்டாவது டோஸால 10 லட்சத்துக்கு 97 கூடுதல் கேஸ், தொற்றால 16. ஆமா, இங்க ஊசி தான் மேல. ஊசிக்கு ஆதரவா பேசுறவங்க இத சொல்ல மாட்டாங்க, எதிர்க்கறவங்க இத மட்டும் தான் சொல்லுவாங்க, ரெண்டுமே எனக்கு எரிச்சல். ஸ்வீடன், பின்லாந்து மாதிரி சில நார்டிக் நாடுகள் 2021 அக்டோபர்லயே இளைஞர்களுக்கு மாடர்னாவ நிறுத்தினதும் இதே காரணத்துக்கு தான். ரெண்டு டோஸுக்கு நடுவுல இடைவெளி விட்டா ரிஸ்க் குறையுதுன்னு கனடா தரவு காட்டுச்சு, 2022 பிப்ரவரில அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பு சிடிசி 12 முதல் 39 வயசு ஆண்களுக்கு 8 வாரம் விடலாம்னு சொன்னாங்க. அதனால வயசுப் பசங்களுக்கு போட்டே ஆகணும்னா எந்த பிராண்டு, எத்தன வார இடைவெளின்னு ரெண்டும் டாக்டர்ட்ட கேளுங்க.

மேல சொன்னது நிறைய 2021 காலத்து எண். அப்ப நிறைய பேருக்கு எதிர்ப்பு சக்தி இல்ல, இப்ப ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு தடவையாவது தொற்றோ ஊசியோ ரெண்டுமோ ஆயிருக்கு, அதனால தொற்று பக்கத்து எண் அப்படியே இன்னிக்கு பொருந்தாது, இளசுங்களுக்கு கொஞ்சம் கீழ இறக்கியே வெச்சுக்கங்க. ஊசி பக்கமும் இறங்கியிருக்கு, 2025ல எஃப்டிஏ மாத்தின லேபிள்ல 12 முதல் 24 வயசு ஆண்களுக்கு 10 லட்சம் டோஸுக்கு சுமார் 27, 6 மாசக் குழந்தைல இருந்து 64 வயசு வரைக்கும் ஆண், பெண் எல்லாரையும் சேத்து பாத்தா சுமார் 8. (மேல இஸ்ரேல் கணக்குலயும் 27 வந்துச்சு, அது வேற இது வேற, குழப்பிக்காதீங்க.)

எத்தன பேருக்கு வருதுங்கறது ஒரு பக்கம், வந்தா எவ்ளோ மோசம்ங்கறது இன்னொரு பக்கம். ஊசியால வந்த இளைஞர்கள அமெரிக்கால 90 நாளுக்கு மேல கழிச்சு பாத்தப்ப 81 சதவீதம் பேரு குணமாயிட்டாங்க இல்ல அநேகமா குணமாயிட்டாங்கன்னு அவங்க டாக்டர்களே சொன்னாங்க. மீதி 19 சதவீதத்த "மைல்டு தான்"னு தட்டி விட்டுட முடியாது, சிலருக்கு எம்ஆர்ஐல தழும்பு மாதிரி தெரிஞ்சது மறைய நாளாச்சு.

"ஊசி போட்டு செத்துட்டாரு" வகை செய்திக்கு ஒரு சின்ன டெஸ்ட். ஊசி போட்டாலும் போடாட்டியும் அந்த வயசுல அந்த வாரத்துல எத்தன பேரு இறந்திருப்பாங்கன்னு தெரியாம அந்த செய்திக்கு அர்த்தமே இல்ல. 18 முதல் 45 வயசுக்காரங்களோட திடீர் மரணங்கள வெச்சு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023ல வெளியிட்ட ஆய்வுல ஊசி ரிஸ்க்க கூட்டல, கோவிட்டுக்காக ஆஸ்பத்திரில சேர்ந்தது, குடும்பத்துல திடீர் மரணம், சாகுறதுக்கு முந்தின 48 மணி நேரத்துல மிதமிஞ்சின குடி, இதெல்லாம் தான் கூட்டுச்சு.

அக்கா கேஸ்ல என்ன ஆச்சுன்னா, மாமனாருக்கு அவரோட கார்டியாலஜிஸ்ட கேட்டு போட்டாச்சு. பையனுக்கு ஏற்கனவே ரெண்டு டோஸ், ஒரு தடவ கோவிட், வேற வியாதி எதுவும் இல்ல, அவசரம் இல்லன்னு விட்டோம். அதே வயசுல ஆஸ்துமாவோ பிறவி இதயக் கோளாறோ இருந்தா கணக்கே மாறியிருக்கும்.

ஊசி போட்டாலும் சரி தொற்று வந்தாலும் சரி, நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, படபடப்பு, மயக்கம் வந்தா கேஸ்னு நெனச்சு ஓமவாட்டர் குடிச்சுட்டு படுக்காதீங்க, அன்னிக்கே போங்க. போனதும் மொதல் வாக்கியமா "ஊசி போட்டு இத்தன நாள் ஆச்சு" இல்லன்னா "கோவிட் வந்து இத்தன நாள் ஆச்சு"ன்னு சொல்லிடுங்க, இசிஜி, கூடவே ட்ரோபோனின் ரத்த டெஸ்ட் (இதயத் தசை அடிபட்டிருக்கான்னு காட்டுறது) எடுக்கணுமான்னு கேளுங்க. மயோகார்டைட்டிஸ்னு உறுதியானா 3ல இருந்து 6 மாசத்துக்கு ஜிம், ஃபுட்பால், ஓட்டம் எல்லாம் நிறுத்தணும், அடுத்த டோஸ கார்டியாலஜிஸ்ட் சொல்லாம தொடக்கூடாது.