கண்ணாடிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

அமெரிக்கா கிளம்புகிறவர்களே, ஊரிலேயே கண்ணைப் பார்த்து இரண்டு ஜோடி கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று வந்த ஆள் நான்.

இங்கே மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேறு, விஷன் இன்ஷூரன்ஸ் வேறு. வேலையில் சேரும்போதே இரண்டுக்கும் தனித்தனியாக டிக் அடியுங்கள். விட்டால் பெரும்பாலும் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷத்துக்கு ஒருமுறை இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்க விடும் சமயம்) வரை காத்திருக்க வேண்டும். கண் சிவந்தாலோ, சர்க்கரைக்காக விழித்திரை பார்த்தாலோ பொதுவாக மெடிக்கல். பவர் பார்ப்பது விஷன். பவர் பார்ப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். இவ்வளவு போதும்.

எனக்கு 43 வயதில் சாளேஸ்வரம். ரசப்பொடி பாக்கெட்டைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துத் தேதி படித்தேன்; வீட்டில் ஒரே சிரிப்பு. ஒரு கிளினிக்குக்குப் போனேன். பார்த்து முடித்த டாக்டர் கைகுலுக்கி, நேரே பக்கத்து அறையில் ஃபிரேம் காட்டும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டார். பவர் எழுதிய சீட்டு என் கைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மதுரையில் நான் கண்ணாடி போட்ட கடைகளில் கம்ப்யூட்டர் செக்கப் இலவசம். சும்மா பார்த்துவிட்டவரிடம் வாங்காமல் எப்படி எழுந்து வருவது என்று ஒரு கூச்சம். ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எழுந்து வருகிற குடும்பம்தான் எங்களுடையது. கண்ணாடிக் கடையில் மட்டும் இந்த வெட்கம் எங்கிருந்து வந்ததோ! இங்கே செக்கப்புக்கே 110 டாலர் கட்டியிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் புரோகிரெசிவ், கூச்சம் குறைக்கும் ஆன்டி-கிளேர், திரையின் நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் என்று ஃபிரேம் காட்டிய பெண் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். பில் 640 டாலர். அந்த ப்ளூ கட்டை அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமே பரிந்துரைப்பதில்லை என்று பிறகுதான் படித்தேன். வயிற்றெரிச்சல்.

"சீட்ட வாங்கினியாடா?" என்றான் பன்னிரண்டு வருஷமாக இங்கிருக்கும் நண்பன். 1978 முதலே மத்திய அரசின் விதி இருக்கிறதாம். பரிசோதனை முடிந்ததும், கண்ணாடி விற்கப் பேச்செடுக்கும் முன்பே, நாம் கேட்காமலேயே சீட்டைத் தர வேண்டும். அதற்குத் தனிக் காசு கேட்கக் கூடாது, இங்கேதான் வாங்க வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. கண்ணாடியும் விற்கிற டாக்டர், சீட்டு கொடுத்ததற்கு நம்மிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும் என்று 2024இல் சேர்த்திருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபிரேம் அறையில், "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்துவிடுங்கள். நமக்குத் தெரியாத வசனமா?

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இன்னும் கெடுபிடி. பவரே இல்லாத கலர் லென்ஸுக்கும் இங்கே சீட்டு வேண்டும். கண்ணாடிச் சீட்டு அதற்குச் செல்லாது. லென்ஸைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்க்கும் ஃபிட்டிங்குக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம்.

ஆன்லைனில் வாங்கப் போனால் பி.டி. கேட்பார்கள், இரண்டு கருவிழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம். அதை எழுதித் தர வேண்டும் என்று மத்திய விதியில் இல்லை, செக்கப்பின்போதே கேட்டுவிடுங்கள். எனக்கு மகனின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து மனைவிதான் அளந்தாள், 64 மி.மீ. சாதாரண ரீடிங் கண்ணாடிக்கு அது போதுமாக இருந்தது. புரோகிரெசிவுக்கு நேரில் போய் ஃபிரேமை மாட்டி, அதில் கருவிழி வரும் உயரமும் அளந்தால்தான் சரிவரும். 640 டாலரை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.