மீன் ரேட்டுலேர்ந்து மனை ரேட் வரைக்கும்: ஓப்பன் டேட்டாவ வச்சு மார்க்கெட்ட படிக்கிறது எப்படி

எங்க சித்தி பையன் மடிப்பாக்கத்துல மீன் கடை போடணும்னு வந்து நின்னான், சித்திரை பொறந்ததும் நல்ல நாள் பாத்து ஆரம்பிச்சிடலாம்னு பிளான், கடைக்கு அட்வான்ஸ் கூட பேசி முடிச்சிட்டான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14, மறுநாள் 15லேர்ந்து காசிமேட்டுல விசைப்படகு எல்லாத்தையும் கட்டிப் போட்டுருவாங்களே, முதல் ரெண்டு மாசம் சரக்கு எங்கேர்ந்துடா எடுப்பேன்னு. அவனுக்கு மீன்பிடி தடைக்காலம் தெரியாம இல்ல, சென்னைல மீன் சாப்பிடுற எல்லாருக்கும் தெரியும், ஆனா அவன் போட்ட கணக்குல அது வரல. தெரிஞ்ச விஷயத்தையும் தெரியாத விஷயத்தையும் ஒரே ஷீட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்குத்தான் டேட்டா வேணும்ங்குறேன். அரசாங்கம் இலவசமா போட்டு வச்சிருக்கு, கோடிங் எல்லாம் வேணாம், ஒரு லேப்டாப்பும் கூகுள் ஷீட்டும் போதும்.

முதல்ல கேள்விய சுருக்குங்க. "மீன் மார்க்கெட் எப்படி இருக்கு"ங்குறத வச்சு எந்த ஃபைலையும் தேட முடியாது. "வஞ்சிரம் மொத்த ரேட் எந்த மாசம் ஏறுது, போன வருஷம் அதே மாசத்த விட எவ்ளோ ஜாஸ்தி"ன்னு கேட்டா எந்த ஃபைல் வேணும், ஷீட்ல எந்த நெடுவரிசை வேணும், எத்தன வருஷம் வேணும் எல்லாம் தானா தெரிஞ்சிரும்.

அடுத்தது எங்க எடுக்கறது. மீனுக்கு மூணு இடம் முக்கியம். கொச்சில இருக்குற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சிஎம்எஃப்ஆர்ஐ, எந்த மாநிலத்துல எந்த மீன் எவ்ளோ கரைக்கு வந்துச்சுன்னு வருஷா வருஷம் அறிக்கை போடுது. ஹைதராபாத்ல இருக்குற தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் மார்க்கெட் வாரியா மீன் விலைய போடுறதுக்குன்னே தனி தளம் வச்சிருக்கு. ஏற்றுமதிக்கு எம்பெடா, அதாவது கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். காய்கறி, வெங்காயம் மாதிரி விஷயத்துக்கு மத்திய அரசோட சந்தை விலை தளம் அக்மார்க்நெட், அப்புறம் எல்லாத்துக்கும் பொதுவா டேட்டா டாட் கவ் டாட் இன், இது 2012லேர்ந்து இருக்கு, ஷீட்ல நேரா திறக்குற சிஎஸ்வி ஃபைலா இறக்கிக்கலாம்.

இறக்கினதும் உடனே சார்ட் போட ஆரம்பிக்காதீங்க. இந்த நம்பர யார் எழுதினாங்க, எதுக்காக எழுதினாங்க, இத கேக்காம ஒரு அடி கூட நகரக்கூடாது, இந்த பதிவுல வேற எது மறந்தாலும் பரவால்ல இத மட்டும் மறக்காதீங்க. சிஎம்எஃப்ஆர்ஐ சொல்றது ஒவ்வொரு கூடையையும் எடை போட்டு எழுதினது கிடையாது, அவங்க ஆளுங்க தேர்ந்தெடுத்த நாள்ல தேர்ந்தெடுத்த இறங்குதளத்துக்கு போய் எண்ணி, அதுலேர்ந்து மொத்தத்த கணக்கு போடுறாங்க, அதனால மாநில அளவுல வருஷ போக்கு பாக்க அருமையா இருக்கும், நாளைக்கு காலைல காசிமேட்டுல என்ன ரேட்டுன்னு அது சொல்லாது. அக்மார்க்நெட்ல தாம்பரம், பல்லாவரம் உழவர் சந்தை வரிசைகள் இருக்கு, அது விவசாயி நேரா நம்ம கைல விக்கிற விலை, அத மொத்த விலைன்னு நினைச்சு கணக்கு போட்டா கடைக்காரருக்கு லாபமே இல்லாத மாதிரி தெரியும்.

அக்மார்க்நெட்ல இன்னொண்ணு, குறைந்தபட்சம், அதிகபட்சம், மோடல்னு மூணு விலை இருக்கும். மோடல்ங்குறது சராசரி இல்ல, அன்னைக்கு பெருவாரியான சரக்கு எந்த ரேட்ல கைமாறுச்சோ அது, நீங்க எடுக்க வேண்டியது அதான். விலை குவிண்டாலுக்கு இருக்கும், 1,800னு இருந்தா கிலோ 18 ரூபா.

இப்ப க்ளீன் பண்றது, நேரம் முழுக்க இங்கதான் போகும். வஞ்சிரம்னு ஒரு ஃபைல்ல இருக்காது, ஒண்ணுல சீர் ஃபிஷ், இன்னொண்ணுல கிங் ஃபிஷ், இன்னொண்ணுல சுர்மைன்னு இருக்கும், மூணும் ஒரே மீன்தான், நீங்கதான் ஒரு தனி நெடுவரிசை போட்டு எல்லாத்துக்கும் வஞ்சிரம்னு ஒரே பேர் குடுக்கணும். தேதில இன்னும் உஷாரா இருங்க. நம்ம ஊர் ஃபைல்ல 03/04/2024னா ஏப்ரல் 3, உங்க ஷீட் அமெரிக்க செட்டிங்ல இருந்தா அத மார்ச் 4ன்னு எடுத்துக்கும், 13ம் தேதிலேர்ந்து உள்ளத தேதியாவே எடுத்துக்காம வெறும் எழுத்தா வச்சிக்கும், எனக்கு ஒரு தடவ தடைக்காலத்து விலை எல்லாம் மாசம் மாறி சிதறிப் போய் ரெண்டு நாள் வீணாச்சு. முதல்ல ஷீட்டோட செட்டிங்ஸ்ல லொக்கேல்ங்குற இடத்துல இந்தியான்னு மாத்திட்டு அப்புறம் ஃபைல உள்ள கொண்டு வாங்க.

விலைய பத்தி எனக்கு கண்ணு திறந்து விட்டது எங்க தெருவுக்கு கூடைல மீன் கொண்டு வர்ற அக்காதான். வஞ்சிரம் என்ன ரேட்டுக்கா எடுத்தீங்கன்னு கேட்டேன், "வஞ்சிரம்னா ஆச்சா தம்பி? அஞ்சு கிலோ மீனா, கைப்புடி சைஸ் குட்டி மீனா? காலைல வந்ததா, ஐஸ்ல இருந்ததா? ஏலத்துல நாலு மணிக்கா, கூட்டம் கலைஞ்ச பொறவு எட்டு மணிக்கா?"ன்னு வரிசையா கேட்டாங்க. ஃபைல்ல இது எல்லாம் ஒரே ஒரு நம்பரா நசுங்கி உக்காந்திருக்கு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க, மீனுக்கு அது சரிப்படாது. அதனால ஒரு நாள் விலைய வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க, மாசத்துக்கு மீடியன் எடுங்க, அதாவது விலைய எல்லாம் சின்னதுலேர்ந்து பெருசா அடுக்குனா நடுவுல நிக்கிறது, ஒரு நாள் வவ்வால் மீன் வரத்தே இல்லாம விலை தாறுமாறா போயிருந்தாலும் மீடியன் அசையாது.

ஷீட்லயே இருக்குற பைவட் டேபிள் போடுங்க, வரிசைல மாசம், நெடுவரிசைல வருஷம், உள்ள மீடியன் விலை. ஜூன மே கூட ஒப்பிடாதீங்க, இந்த ஜூன போன ஜூன் கூட ஒப்பிடுங்க. இதோட ரெண்டு நெடுவரிசை நீங்களே சேக்கணும், எந்த அரசாங்க ஃபைல்லயும் இது இருக்காது. ஒண்ணு தடைக்காலமா இல்லயான்னு. கிழக்கு கடற்கரைல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், முன்னாடி 45 நாள்தான் இருந்துச்சு, அதனால பழைய வருஷத்து ஜூன் முதல் வாரத்தையும் இப்ப உள்ளதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கக்கூடாது. மேற்கு கடற்கரைல ஜூன் 1லேர்ந்து ஜூலை 31. இந்த ரெண்டையும் ஒரே ஷீட்ல போட்டா ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியும், கேரளா மட்டும் தன் கரையோரத்துல சில நாள் தள்ளி மூடும், மத்தபடி ஜூன் 1லேர்ந்து 14 வரைக்கும் ரெண்டு கடலும் மூடி இருக்கு. ஏப்ரல், மே மாசம் மேற்கு கடற்கரைலேர்ந்து லாரில வந்த சரக்க வச்சு சமாளிச்ச கடைக்கு அந்த 14 நாள்தான் உண்மையான நெருக்கடி, அப்ப ஃபைபர் படகுல கரைய ஒட்டி புடிச்சுட்டு வர்றதும், வளப்பு மீனும், ஐஸ் சரக்கும்தான். சித்தி பையன் ஷீட்ல அந்த ரெண்டு வாரத்த மஞ்சக் கலர் அடிச்சு குடுத்தேன்.

ரெண்டாவது நெடுவரிசை தமிழ் மாசம். புரட்டாசில பாதி சென்னை கவிச்சிய தொடாது, ஆனா புரட்டாசி செப்டம்பர் நடுவுல ஆரம்பிச்சு அக்டோபர் நடுவுல முடியுது, இங்கிலீஷ் மாசப்படி சராசரி போட்டீங்கன்னா அந்த பள்ளம் ரெண்டு மாசத்துலயும் பாதி பாதியா கரைஞ்சு போய் ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும். தமிழ் மாசப்படி குரூப் பண்ணி பாருங்க, கோடு அப்படியே இறங்கி ஏறும். தினசரி காலண்டர் பக்கத்துல இல்லாம தமிழ்நாட்டு மார்க்கெட் டேட்டாவ படிக்கவே முடியாது.

ஏற்றுமதி நம்பர் ஒரு சின்ன பயிற்சிக்கு நல்லது. 2023-24ல இந்தியா 17,81,602 டன் கடல் உணவு, 60,523.89 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி பண்ணுச்சுன்னு எம்பெடா சொல்லுது. இதுல உறைய வச்ச இறால் மட்டும் 7,16,004 டன், 40,013.54 கோடி. மதிப்ப எடையால வகுங்க, மொத்தமா கிலோவுக்கு சுமார் 340 ரூபா, இறாலுக்கு சுமார் 559. எடைல 40 சதவீதம் இருக்குற ஒரு சரக்கு காசுல 66 சதவீதம். அப்ப நம்ம இறால அதிகமா வாங்குற அமெரிக்கால வரி ஏறினா ஏன் ஆந்திரா பண்ணைக்காரர் தூக்கம் கெடுதுன்னு இந்த ஒரு வகுத்தல்லயே புரிஞ்சிரும். ஆனா இந்த 559 ஆலைல பதப்படுத்தி, பேக் பண்ணி கப்பல் ஏறுன சரக்கு, பெரும்பாலும் பண்ணைல வளத்த வனாமி இறால், இத சிந்தாதிரிப்பேட்டை கடை ரேட்டோட ஒப்பிடுறதுல அர்த்தம் இல்ல.

இனி மனை, வீடு. முறை அதேதான், ஆனா இங்க தப்பு பண்ணா ஆயுசு சேமிப்பே போயிரும், அதனால நிதானமா படிங்க.

பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல தெரு பேர் போட்டோ சர்வே நம்பர் போட்டோ வழிகாட்டி மதிப்பு பாக்கலாம். இத யார் எதுக்கு எழுதினாங்க? அரசாங்கம், முத்திரைத்தாள் கட்டணம் வாங்குறதுக்கு. இது மார்க்கெட் விலை கிடையாது. 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்ப ஒரே அடியா 33 சதவீதம் குறைச்சாங்க, கூடவே பதிவுக் கட்டணத்த 1லேர்ந்து 4 சதவீதம் ஆக்குனாங்க, 2023 ஏப்ரல்ல மதிப்ப திரும்ப பழைய அளவுக்கு ஏத்தி கட்டணத்த 2 சதவீதமா குறைச்சாங்க. சார்ட் போட்டா 2017ல நிலம் விலை சரிஞ்சு 2023ல எகிறின மாதிரி தெரியும், நிஜத்துல மாறினது அரசாங்க உத்தரவு மட்டும்தான்.

அதே தளத்துல லாகின் போட்டா வில்லங்கச் சான்று இலவசமா பாக்கலாம், எல்லாரும் வில்லங்கம் இருக்கான்னு பாக்க மட்டும்தான் எடுப்பாங்க, எனக்கு அது ஒரு விலை டேட்டா. ஒரே தெருவுல பக்கத்து பக்கத்து சர்வே நம்பருக்கு எடுத்தீங்கன்னா ஒவ்வொரு கிரையத்துக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, விஸ்தீரணம் இருக்கும். அதுல சந்தை மதிப்புன்னு போட்டிருக்குறத பாத்து ஏமாறாதீங்க, அதுக்கு அடிப்படையே வழிகாட்டி மதிப்புதான். கைமாற்றுத் தொகைய எடுத்து சதுர அடிக்கு வகுங்க, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6. உதாரணத்துக்கு ஒரு கிரவுண்டு 96 லட்சம்னு பதிவாகி இருந்தா சதுர அடி 4,000. இப்படி பத்து கிரையம் எழுதிப் பாருங்க, அந்த தெருவோட வழிகாட்டி மதிப்பும் 4,000ன்னா பத்துல எட்டு அச்சு அசலா அதே 4,000ல வந்து நிக்கும் போது புரிஞ்சிக்கோங்க, மிச்சம் ரொக்கமா போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. எனக்கு அந்த எட்ட விட அதுக்கு மேல பதிவான ரெண்டுதான் முக்கியம், பெரும்பாலும் பேங்க் லோன்ல வாங்குனவங்க, அவங்க நம்பர்தான் நிஜத்துக்கு கிட்ட இருக்கும்.

ஃப்ளாட்டுல இன்னொரு பள்ளம். முன்னாடி பில்டர்கிட்ட புதுசா வாங்குனா பிரிபடாத பாக நிலத்துக்கு, அதாவது மொத்த நிலத்துல உங்க பங்குக்கு, ஒரு கிரையம், கட்டுமானத்துக்கு தனி ஒப்பந்தம், அதனால கிரையத்துல தெரியுறது நிலத்தோட காசு மட்டும். 2023 டிசம்பர் 1லேர்ந்து ரெண்டையும் சேத்து கூட்டு மதிப்புன்னு ஆச்சு. அந்த தேதிக்கு முன்னயும் பின்னயும் உள்ள ஃப்ளாட் விலைய ஒரே கோட்டுல இணைக்காதீங்க, ரெண்டு தனி சார்ட்டா போடுங்க.

எத்தன பேர் பதிவு பண்றாங்கங்குற எண்ணிக்கையிலயும் காலண்டர் வந்து உக்காரும், ஆடில விழும், முகூர்த்த நாள்ல பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் குடுக்குது, ஆவணில ஏறுறத பாத்து மார்க்கெட் சூடாயிடுச்சுன்னு புரோக்கர் சொன்னா நம்பாதீங்க.

ஊர் மொத்தத்துக்கும் போக்கு பாக்கணும்னா தேசிய வீட்டுவசதி வங்கியோட ரெசிடெக்ஸ் இருக்கு, 50 நகரத்தோட வீட்டு விலை குறியீடு, ஒரு அடிப்படை வருஷத்த நூறுன்னு வச்சு மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரும். வேளச்சேரியும் எண்ணூரும் அதுல ஒரே சென்னைதான், அதனால ஏரியா முடிவுக்கு உதவாது, பின்னணிக்கு மட்டும் வச்சிக்கோங்க. சப்ளை பாக்க தமிழ்நாடு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட தளம் நல்லது, 500 சதுர மீட்டர் நிலம், எட்டு வீடுங்குற வரம்ப தாண்டுற புராஜெக்ட் எல்லாம் பதிவாகணும், நீங்க பாக்குற ஏரியாவுல எத்தன வீடு எந்த வருஷம் முடியப் போகுதுன்னு எண்ணி எழுதுங்க, ஒரே வருஷத்துல குவிஞ்சு இருந்தா அந்த வருஷம் வாடகை ஏறுறது கஷ்டம்.

கடைசி நெடுவரிசை மழை வெள்ளத் தண்ணி. எந்த போர்ட்டல்லயும் தெரு அளவுக்கு ஒழுங்கா கிடைக்காத நம்பர் இது, ஆனா சென்னைல மனை விலைய இது இல்லாம படிக்க முடியாது. நேரா அந்த தெருவுக்கு போங்க, டீக்கடைல, இஸ்திரி கடைல, பழைய வீட்டு பெரியவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க, 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு, எத்தன நாள்ல வடிஞ்சுது. முட்டி, இடுப்பு, ஜன்னல்னு அவங்க கைய வச்சு காட்டுவாங்க, அத அடில மாத்தி, கேட்ட தேதியும் போட்டு, அந்த சர்வே நம்பருக்கு நேரா ஷீட்ல எழுதிடுங்க.