இருட்டினால் அணைந்துபோகும் கேமரா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு நெட்வொர்க் கேமரா போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பகலெல்லாம் படம் பளிச். பொழுது சாய்ந்ததும் மாடிக் கேமரா மட்டும் அணையும், எழும், மறுபடி அணையும். மாட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "கேமராவே போச்சுண்ணா, மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். புதுசும் அதே கூத்து.

அப்புறம்தான் உறைத்தது. இருட்டினால் ராத்திரியில் படம் தெரிவதற்காகக் கேமராவில் இருக்கிற அகச்சிவப்பு எல்இடி எரியும், கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் முறை) என்பதால் மின்சாரமும் படமும் ஒரே கேபிளில்தான். மின்சாரம் அனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியிலிருந்து மாடிக் கேமராவுக்கு 70 மீட்டர். நல்ல கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். மிச்சம் கிடந்த கேபிளில் ஒரு கம்பியை உருவி பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம்! நாள் முழுக்க வெள்ளியை உரைத்துப் பார்க்கிற ஆளுக்கே முலாம் பூசி விற்றிருக்கிறார்கள். அலுமினியத்தில் மின்தடை அதிகம், தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்கிவிடும்; ராத்திரி கேமரா கூடுதலாக இழுக்கும்போது இன்னும் இறங்கும், அதுதான் அணைகிறது.

முழுச் செம்பு கேட்6 கேபிளைக் கடையிலேயே சுரண்டிப் பார்த்து வாங்கி இழுத்தேன். அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் பார்த்தால், ஆறிப்போன உலை மேல் பூனை தூங்குவதுகூடத் தெரிந்தது. கழற்றிப் போட்ட பழைய கேமரா இப்போது வாசலில் ஓடுகிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை.