ரீலோட் இல்லாமல் பக்கத்தை மாற்றும்போது தவிர்க்க வேண்டியவை

புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கோடைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்கள்தான். யூஆர்எல் தப்பாக அடித்ததை எல்லாம் பிரவுசரின் பிழைச் செய்திகள் வரும் கன்சோலே காட்டிக்கொடுத்துவிடும். அது வாய் திறக்காத தவறுகள் மட்டும் இங்கே.

கடைசியாக வந்த பதில்தான் சரி என்று நம்புவது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பஸ் டிக்கெட் தளம் ஒன்றில், மதுரைக்குப் பதிவு செய்தால் சிலருக்கு மதுக்கரை டிக்கெட் வந்தது. 'மது' என்று அடித்ததும் ஊர்ப் பட்டியல் கேட்டு சர்வருக்கு ஒரு ரிக்வெஸ்ட், 'மதுரை' என்று முடித்ததும் இன்னொன்று. இரண்டாவது முந்திக்கொண்டு வர, பட்டியலில் மதுரை தெரிகிறது. விரல் அதைத் தொடப்போகும் நேரத்தில் முதல் பதில் மெதுவாக வந்து மேலே உட்கார்ந்துகொள்கிறது. அகர வரிசையில் இப்போது முதலில் இருப்பது மதுக்கரை.

அனுப்பிய வரிசையில்தான் பதில் வரும் என்று பிரவுசர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

"டிபவுன்ஸ் போட்டாச்சு சார்" என்றார்கள் அதை எழுதியவர்கள். அடிப்பது நின்று கொஞ்ச நேரம் கழித்தே ரிக்வெஸ்ட் அனுப்புவதுதான் டிபவுன்ஸ். 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் ரிக்வெஸ்ட்டுகளைக் குறைக்கும், வரிசையைக் காக்காது. 'மது'வில் கொஞ்சம் யோசித்து நின்றால் மறுபடி இரண்டு ரிக்வெஸ்ட்தான். சர்வரும் உங்கள் கணினியிலேயே ஓடும் லோக்கல்ஹோஸ்டில் இது சிக்கவும் சிக்காது. சர்வரில் வேண்டுமென்றே ரேண்டமாகத் தாமதம் வைத்துப் பாருங்கள்.

புதிய ரிக்வெஸ்ட் போகும் முன், ரிக்வெஸ்ட்டைப் பாதியில் நிறுத்த பிரவுசர் தரும் அபார்ட்கன்ட்ரோலரால் பழையதை வெட்டிவிடுங்கள். அப்போது எழும் அபார்ட்எரரைப் பயனருக்குக் காட்ட வேண்டாம். அல்லது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் வரிசை எண் கொடுத்து, பழைய எண்ணோடு வரும் பதிலைத் தூக்கிப் போடுங்கள். ஒன்று மட்டும்: அபார்ட் செய்தால் பிரவுசர் காத்திருப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். சர்வர் தன் வேலையை முடித்திருக்கலாம். பணம் கட்டும் ரிக்வெஸ்ட்டை அபார்ட் செய்துவிட்டு 'ரத்தாகிவிட்டது' என்று எழுதாதீர்கள்.

பிழை வந்தால் கேட்ச் பார்த்துக்கொள்ளும் என்பது

ஜேகுவரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியிலிருந்து வந்தவர்கள் இதில் மாட்டுவார்கள். சர்வரிலிருந்து 404 (பக்கம் இல்லை), 500 (சர்வர் பிழை) வந்தாலும், ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச், பிழையைக் கையாளும் கேட்சுக்குப் போகாது. நெட் அறுந்தால் போகும். பதில் வெற்றியா என்று சொல்லும் ரெஸ்பான்ஸ்.ஓகே பாருங்கள்.

இன்னர்ஹெச்டிஎம்எல் +=

ஒரு பகுதிக்குள் இருக்கும் ஹெச்டிஎம்எல்லின் கடைசியில் இப்படி ஒட்டினால், ஒரு வரி சேர்க்க மொத்தப் பட்டியலும் திரும்பக் கட்டப்படும். உள்ளே போட்டிருந்த கிளிக் லிஸனர், பயனர் பாதி டைப் செய்தது எல்லாம் போச்சு. வேண்டாம்.

பேக் பட்டன்

ரீலோட் இல்லாமல் யூஆர்எல்லை மாற்றும் புஷ்ஸ்டேட் எழுதினால், பேக் அழுத்தும்போது எழும் பாப்ஸ்டேட்டுக்கும் கோட் எழுதுங்கள்.

சமர்ப்பி பட்டனை யார் இரண்டு தடவை அழுத்தப்போகிறார்கள்?

அழுத்துவார்கள். டிஸேபிள் செய்யுங்கள், சர்வரிலும் தடுங்கள்.